பட்டிப்பூவும் விறைத்த பாதமும்

யாழ்ப்பாணத்து மணலில் எவரும் நடாமலே முளைத்து, எவரும் நீர் வாராமலே தழைக்கும் செடிகள் சில உண்டு. பட்டிப்பூ அவற்றுள் ஒன்று. வேலியோரத்திலும், கோயில் வீதியிலும், மயானக் கரையிலும் ஐந்து இதழ் விரித்து, வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் ஆண்டு முழுவதும் இது பூத்து நிற்பதை நாம் காண்கிறோம். தமிழகத்தார் இதனை நித்தியகல்யாணி என்பர். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வர். ஒரு பூவுக்கு மங்கலப் பெயர் ஒன்று, அமங்கலப் பெயர் மற்றொன்று. இரண்டும் பொருந்தும் என்பதை மருத்துவ வரலாறு பின்னர் மெய்ப்பித்தது.

இச்செடியின் தாயகம் மடகாஸ்கர்த் தீவு. அங்கிருந்து வெப்பநாடுகள் எங்கும் பரவியது. 1952ஆம் ஆண்டில் யமேக்காத் தீவிலிருந்து வைத்தியர் ஒருவர், கனடாவிலிருந்த கிளாக் நோபிள் என்பவருக்கு இதன் இலைகளைக் கடித உறையில் இட்டு அனுப்பினார். அத்தீவு மக்கள் இவ்விலையை அவித்து நீரிழிவுக்குக் குடிப்பதாகவும், அதில் உண்மை உண்டா என ஆராயலாம் எனவும் குறித்திருந்தார். உறை, கிளாக் நோபிளின் தம்பியும் ஆராய்ச்சியாளருமான றொபேட் நோபிளின் கைக்குச் சென்றது. இலைச்சாறு எலிகளின் குருதியிலுள்ள சர்க்கரையைக் குறைக்கவில்லை. குருதியின் வெண்கலங்களையே குறைத்தது. வெண்கலங்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே குருதிப் புற்றுநோய் அன்றோ? றொபேட் நோபிளும் சாள்ஸ் பியரும் அச்சாற்றிலிருந்து வின்பிளாஸ்ரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் உலகுக்கு அறிவித்தனர். அதே செடியிலிருந்து வேறொரு குழுவினர் கண்ட வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து 1963இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. குருதிப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுள் பிழைத்தோர் அக்காலத்தில் மிகச் சிலரே. வின்கிறிஸ்ரினையும் வேறு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வளர்ந்தபின், இன்று வசதி வாய்ந்த நாடுகளில் அப்பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பேரளவில் பிழைக்கின்றனர்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மருந்து பட்டிப்பூவிலிருந்து வந்தது என்று கேள்விப்பட்டு, இலையை அவித்துக் குடிக்க எவரும் துணிதல் கூடாது. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். வீட்டில் அவித்த கசாயம் நோயைத் தீர்க்காது. நஞ்சாய் முடியவும் கூடும்.

நான் எழுதப் புகுந்தது பூவின் பெருமையை மட்டும் அன்று. உயிர் காக்கும் இம்மருந்துகள் உடலில் விட்டுச் செல்லும் ஒரு சுவட்டைப் பற்றி நம்மவர் பேசுவது குறைவு. அதனைப் பேசவே இக்கட்டுரை.

கடைசி நிலையம்

ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது அதனுள்ளே நுண்ணிய குழாய்கள் கட்டப்படுகின்றன. அக்குழாய்களைக் கட்டவிடாமல் தடுப்பது வின்கிறிஸ்ரினின் தொழில். குழாய் இல்லையேல் பிரிவு இல்லை. பிரிவு இல்லையேல் புற்றுக்கு வளர்ச்சி இல்லை. அமெரிக்காவின் பசிபிக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து கண்டெடுக்கப்பட்டு 1992இல் வழக்குக்கு வந்த பக்ளிராக்செல் என்னும் மருந்தோ நேர்மாறானது. கட்டிய குழாயைப் பிரிக்க விடாமல் அது இறுக்கி வைக்கிறது. வழி வேறாயினும் விளைவு ஒன்றே.

அதே நுண்குழாய்கள் நரம்புகளிலும் உள்ளன. நரம்புக்கலம் பிரிவதில்லை, ஆயினும் அதற்கு அக்குழாய்கள் வேறொரு பணிக்கு வேண்டும். காற்பெருவிரலுக்குச் செல்லும் நரம்பிழையின் தாய்க்கலம் முள்ளந்தண்டின் அருகில் இருக்கிறது. அங்கிருந்து விரல்நுனிவரை ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம். அவ்வளவு தூரத்துக்கும் இழையைப் பேணும் பொருள்கள் இந்தக் குழாய்களின் வழியாகவே எடுத்துச் செல்லப்படுகின்றன.

1990இல் நின்றுபோன வடபகுதிப் புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறைவரை ஓடியது 2015 தை மாதத்தில்தான். தண்டவாளம் இல்லாத ஊரின் வாழ்வை நமக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை. பாதை எங்கே பழுதானாலும் பொருள் வந்து சேராமல் முதலில் வாடுவது கடைசி நிலையமே. உடம்புக்குக் கடைசி நிலையம் பாதம். அதற்கு அடுத்தது கைவிரல் நுனி. ஆதலால்தான் விறைப்பும் எரிவும் கால்விரல்களில் தொடங்கி, காலுறை அணிந்ததுபோல் மேலேறி, பின்னர் கையுறை அணிந்ததுபோல் கைகளையும் பற்றுகின்றன.

பிளாற்றினம் என்னும் உலோகத்தைக் கொண்ட மருந்துகளின் வழி இன்னொன்று. 1965இல் பார்னெற் றோசன்பேக் என்னும் அமெரிக்க அறிஞரின் ஆய்வுகூடத்தில் அதன் ஆற்றல் தற்செயலாக வெளிப்பட்டது. 1978இல் சிஸ்பிளாற்றின் மருந்தாக வந்தது. அது முள்ளந்தண்டோரத்திலுள்ள உணர்ச்சி நரம்பின் தாய்க்கலத்தையே தாக்குவது. காதின் உட்புறத்தையும் தாக்குதலால் சிலருக்குச் செவிப்புலன் குறையும், இரைச்சல் கேட்கும். இதில் நோயாளரைத் திகைக்கவைக்கும் செய்தி ஒன்றுண்டு. மருந்தை நிறுத்திய பின்னும் சில மாதங்கள்வரை விறைப்பு வளர்ந்துகொண்டே போகலாம். "மருந்து முடிந்துவிட்டதே, இனி ஏன் கூடுகிறது?" என்று கலங்குவோர்க்கு, இதுவும் அம்மருந்தின் இயல்பே என்று முன்னரே சொல்லிவைத்தால் பாதிப் பயம் நீங்கும்.

அதே குலத்தைச் சேர்ந்த ஒக்சாலிபிளாற்றின், பெருங்குடற் புற்றுக்குப் பெரிதும் பயன்படுவது. அதை ஏற்றிய சில நாள்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல்கள் மின்சாரம் தாக்கியதுபோல் வலிக்கும். குளிர்நீர் குடித்தால் தொண்டை இறுகியதுபோல் இருக்கும். மார்கழி விடியலில் கிணற்றுநீர் அள்ளித் தலையில் வார்த்துத் திருவெம்பாவைக்குப் போகும் வழக்கமுள்ள ஊர் இது. அப்பழக்கம் உள்ளவர்கள் அந்த நாள்களில் வெந்நீரை நாடுவதே நன்று.

இது அரிதாக வருவதோ எனின், அன்று. 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 31 ஆய்வுகளில் இடம்பெற்ற 4,179 நோயாளரின் நிலையை ஒன்றுசேர்த்துக் கணித்தது. மருந்தேற்றி முடிந்த முதல் மாதத்தில் நூற்றுக்கு 68 பேருக்கு நரம்புத்தாக்கம் இருந்தது. மூன்றாம் மாதத்தில் 60 பேருக்கு. ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆனபின் 30 பேருக்கு. பெரும்பாலோர்க்குக் காலம் குணம் தருகிறது என்பது இவ்வெண்களில் உள்ள ஆறுதல். மூவரில் ஒருவரளவிலேனும் அதனோடு வாழ வேண்டியிருக்கிறது என்பது கவலை.

சொல்லாமற் போன சொல்

தீபகற்பத்துக்கு வருவோம். போர்க்காலத்திலே புற்றுநோயாளர் பலர் மகரகமை வைத்தியசாலையை நாடித் தெற்கே போக நேர்ந்தது. பாதை மூடிய காலங்களில் அதுவும் அரிதாயிற்று. 2011இல் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து திரட்டிய நிதியினால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. இன்று நம்மவர் பலர் பேருந்தில் ஏறிச் சென்று மருந்தேற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்புகின்றனர். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் வாய்ப்புற்றுக்குக் கதிர்ச்சிகிச்சையோடு சிஸ்பிளாற்றினும், பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுக்குப் பக்ளிராக்செலும் வழங்குவது உலகெங்கும் உள்ள முறை. ஆகவே விறைத்த பாதங்கள் நம் ஒழுங்கைகளிலும் நடமாடுகின்றன. நாம் அறியாததற்குக் காரணம், அவர்கள் சொல்லாமையே.

என் அயலில் ஓர் அம்மா இருக்கிறார். பனையோலைப் பெட்டியும் தட்டும் இழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். மார்பகப் புற்றுக்கு மருந்தேற்றத் தொடங்கிய சில வாரங்களில், அவர் இழைத்த பெட்டியின் விளிம்பு கோணியதைக் கண்டேன். இருபது வயதிலேயே கண்ணை மூடிக்கொண்டு இழைக்கக் கூடியவர் என்று பெயரெடுத்தவர். நான் கேட்டபோது முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு மெல்லச் சொன்னார்:

"விரல் நுனி எனக்குச் சொந்தமில்லாத மாதிரிக் கிடக்குது, மாஸ்ரர். ஓலை இருக்குதோ இல்லையோ எண்டு பாத்துத்தான் பிடிக்கிறன். நேற்றுக் கால்ச் செருப்புக் கழண்டு போனதும் தெரியேல்லை. வெறுங்காலோடை சந்திமட்டும் நடந்திருக்கிறன்."

"கிளினிக்கிலை டொக்டரிட்டைச் சொன்னனீங்களோ?"

"சொல்லேல்லை, மாஸ்ரர். சொன்னால் மருந்தை நிற்பாட்டிப் போடுவினம் எண்டு பயந்தனான். மருந்தை நிற்பாட்டினால் வருத்தம் திரும்பி வந்திடுமெல்லே?"

அச்சத்தில் பிறந்த இந்த மௌனம் அவருக்கு மாத்திரம் உரியதன்று. எல்லா நாட்டு நோயாளரிடமும் உள்ளது. ஆனால் மருந்தின் அளவைக் குறைத்தல், இடைவெளியை நீட்டுதல், வேறு மருந்துக்கு மாற்றுதல் என வைத்தியரிடம் பல வழிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்தும் காலம் நரம்பு முற்றாகக் கெடுமுன்னரேயாம். அடுத்த முறை அந்த அம்மா சொன்னார், மருந்தின் அளவு திருத்தப்பட்டது, சிகிச்சையும் நிறைவேறியது. ஓராண்டின் பின் விரல்களுக்கு உணர்வு பெரிதும் மீண்டுவிட்டது. பாதத்தில் இன்னமும் குறை இருக்கிறது. பெட்டியின் விளிம்பு நேராயிற்று.

இலக்கியப் பக்கத்தில் இதை எழுதுவதற்குக் காரணமும் இதுவே. குருதியின் குறையைப் பரிசோதனைக் குழாய் காட்டும். கட்டியின் அளவைப் படம் காட்டும். பாதத்தின் எரிவைக் காட்டுவது நோயாளரின் வாய்ச்சொல் ஒன்றே. நரம்பின் மின்னோட்டத்தை அளக்கும் கருவி உண்டு. ஆயினும் அது பருத்த இழைகளின் நிலையையே கூறும். எரிவைச் சுமக்கும் நுண்ணிழைகளை அது அறியாது. இங்கே சொல்லே பரிசோதனை.

நம் பேச்சுவழக்கில் இதற்குரிய சொற்கள் நிறைய உண்டு. தொட்டால் தெரியாமை விறைப்பு. எறும்பு ஊர்வது போன்றது கூச்சம். மிளகாய் அரைத்த கைபோல் இருப்பது எரிவு. ஆழத்தில் இடைவிடாது வருத்துவது உளைவு. பளிச்சென்று வந்து போவது குத்து. பொத்தானைப் பூட்ட முடியாமல், எழுதுகோலைப் பிடிக்க முடியாமல், பலம் குன்றி நிற்பதைக் "கை வழங்கவில்லை" என்கிறோம். உணர்ச்சி நரம்பு ஒன்று, இயக்கும் நரம்பு வேறொன்று என்னும் வேறுபாட்டைப் பள்ளிக்கூடம் போகாத கிழவியும் 'விறைப்பு', 'வழங்காமை' என்னும் இரு சொற்களால் பிரித்துக் காட்டுகிறாள். இத்துணைச் சொல்வளம் இருந்தும், கிளினிக்கில் பெயர் கூப்பிட்டதும் "பரவாயில்லை, ஐயா" என்னும் ஒற்றைச் சொல்லோடு எழுந்து வந்துவிடுகிறோம். அல்லது "நரம்புத் தளர்ச்சி" என்று எதையும் குறிக்காத ஒரு தொடரால் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம்.

உடலைத் தமிழிற் பேசுவதற்கு இம்மண்ணிலே ஒரு மரபும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, நம் இளைஞருக்கு மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். 1860களில் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தவும் தொடங்கினார். உடலமைப்பு, இரணவைத்தியம், பிரசவவைத்தியம், இரசாயனம் ஆகியவற்றை அவரும் அவருடைய மாணாக்கரும் தமிழில் பெயர்த்தனர். 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெருநூல் 1872இல் அச்சாயிற்று. நரம்பு ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் தேடிய அந்த மாணாக்கரின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகளாகிய நாம், நம் பாதம் விறைப்பதை வைத்தியரிடம் சொல்லத் தயங்குவது பொருந்துமா?

மனத்தில் ஒரு மூடுபனி

பாதத்தைப் போலவே நினைவையும் இச்சிகிச்சை தொடுவதுண்டு. தெரிந்த பெயர் நாவில் வந்து நிற்கும், வெளியே வராது. அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகும். ஒரு பக்கத்தை மும்முறை படித்தாலும் மனத்தில் பதியாது. மருந்து மட்டுமன்றி, குருதிக்குறைவு, உறக்கமின்மை, ஓமோன் சிகிச்சை, மனச்சோர்வு ஆகியனவும் இதற்குக் காரணமாகும். பெரும்பாலோர்க்கு மாதங்கள் செல்லச் செல்ல இது தெளிகிறது, சிலருக்கு நீடிக்கிறது. "கிழடு தட்டிவிட்டது" என்று வீட்டார் நகைப்பதைவிட, ஒரு சிறு கொப்பியும் பென்சிலும் வாங்கிக் கொடுப்பது உதவியாகும்.

ஆசிரியர்களாகிய வாசகர்களிடம் இவ்விடத்தில் தனியே ஒரு சொல். குருதிப் புற்றுநோய் நீங்கிய பிள்ளை ஒன்று நாளை உங்கள் வகுப்புக்குத் திரும்பி வரலாம். முற்காலத்தில் இப்பிள்ளைகளின் தலைக்குக் கதிர்ச்சிகிச்சை அளிப்பது வழக்கமாயிருந்தது. அவர்களுள் பலர் பின்னர் கற்றலில் இடர்ப்பட்டதைக் கண்ட வைத்தியர்கள் அதைப் படிப்படியாகக் குறைத்தனர். 2009இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து வைத்தியசாலையொன்று, தகுந்த மருந்துகள் கொடுத்தால் தலைக் கதிர்வீச்சை முற்றாக விலக்கலாம் என்று காட்டியது. ஆயினும் மருந்துகளின் சுவடு பிள்ளையிடம் இருக்கும். வின்கிறிஸ்ரின் பெற்ற பிள்ளையின் முன்பாதம் தொங்குவதால் ஓடும்போது தடுக்கி விழும். விரல் தளர்வதால் எழுத்துக் கோணும். கேள்வி விளங்கினாலும் விடை சொல்லச் சற்று நேரம் எடுக்கும். சிஸ்பிளாற்றின் பெற்ற பிள்ளைக்குப் பின்வாங்கில் இருந்தால் உயர்ந்த ஒலிகள் கேளாதிருக்கலாம். அதனைச் சோம்பல் என்றோ குழப்படி என்றோ எண்ணித் தண்டித்துவிடலாகாது. முன்வாங்கில் இடம், பரீட்சையில் மேலதிக நேரம், விளையாட்டு நேரத்தில் மேற்பார்வை ஆகிய மூன்றையும் அளிக்கப் பணச்செலவு ஏதும் இல்லை.

செய்யத்தக்கன

இந்நரம்புத்தாக்கம் வராமல் தடுக்கும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. 2020இல் அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி இதனை ஒளிக்காமற் கூறுகிறது. நோவைத் தணிப்பதற்கு அது பரிந்துரைப்பது டுலொக்செற்றின் என்னும் ஒரே மருந்தை. 2013இல் வெளியான ஆய்வொன்றில் 231 பேர் பங்குகொண்டனர். அம்மருந்தை உண்டவருள் நூற்றுக்கு 59 பேருக்கும், வெறும் குளிகை உண்டவருள் 38 பேருக்கும் நோவு குறைந்தது. இதனை வைத்தியரே தேர்ந்து தர வேண்டும்.

கடையில் தாமே வாங்கி உண்ணும் "நரம்புச் சத்து" மாத்திரைகளைப் பற்றி அவதானம் வேண்டும். அசற்றைல்-எல்-காணிற்றின் என்னும் பொருள் நரம்பைக் காக்கும் என்று நம்பி 409 பெண்களிடம் சோதித்துப் பார்த்தனர். 2013இல் வந்த முடிவு, அது நரம்புத்தாக்கத்தைக் கூட்டியது என்பதாகும். விற்றமின் பி6ஐ மிகையாக நெடுங்காலம் உண்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பதும் 1983 முதல் அறியப்பட்ட உண்மை.

உணர்வற்ற பாதத்துக்குக் கண்ணே காவல். வளவில் பனங்கருக்கு கிழித்தாலும் தெரியாது. நெருஞ்சிமுள் ஏறினாலும் தெரியாது. ஆகையால் ஒவ்வோர் இரவும் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்க்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். குளிக்கும் வெந்நீரின் சூட்டை, உணர்வுள்ள மற்றொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெறுங்காலோடு வீதி சுற்றும் நேர்த்தி உடையவர்கள், நண்பகல் மணலைத் தவிர்த்து அதிகாலையிலோ மாலையிலோ அதனைச் செய்யலாம். நீரிழிவும் உடன் உள்ளவர்க்கு இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

ஒன்றை மட்டும் மருந்தின் விளைவு என்று எண்ணிப் பொறுத்திருத்தல் கூடாது. இரு கால்களும் விரைவாகப் பலமிழத்தல், முதுகில் புதிதாகக் கடுநோவு, சிறுநீர் போகாமை அல்லது தானே போதல் ஆகியன தோன்றினால், முள்ளந்தண்டினுள் உள்ள முண்ணாணைப் புற்று அழுத்துவதாய் இருக்கலாம். நாள் பார்க்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மணிநேரத் தாமதமும் நடையைப் பறித்துவிடும்.

மற்றவற்றுக்கு அடுத்த கிளினிக் நாள் போதும். போகுமுன் கிளினிக் கொப்பியின் ஓரத்தில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எந்த விரல், எந்த நாள் தொடங்கியது, விறைப்பா எரிவா வழங்காமையா, அதனால் எந்த வேலை கெட்டது. எழுத வராத அப்புவுக்கும் ஆச்சிக்கும் வீட்டிலுள்ள மாணவர் எழுதிக் கொடுக்கலாம். வைத்தியருக்கு அவசரம் இருக்கும். வெளியே வரிசை நீண்டிருக்கும். அப்போது தாளை நீட்டினாற் போதும்.